ஒரு மார்க்கை எவ்வளவு நம்பலாம்? கணக்குப் போட்டுக் காட்டிய ராணுவ அதிகாரி ஸ்பியர்மேன்

டேட்டா வேலை பார்ப்பவர்களுக்கு ஸ்பியர்மேன் என்ற பெயர் ரொம்பப் பழக்கம். பைத்தானில் கோரிலேஷன் பார்க்கும்போது பியர்சனா, கெண்டாலா, ஸ்பியர்மேனா என்று ஒரு ஆப்ஷன் வரும் இல்லையா, அந்த ஸ்பியர்மேன்தான். புள்ளியியல் படித்தவர்கள் 'தர ஒட்டுறவு' பாடத்தில் அவரைப் பார்த்திருப்பார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்திருப்பார்கள்.

ஆனால் அந்த மனிதரின் மண்டையைக் குடைந்த கேள்வி வேறு. ஒரு மாணவர் இன்றைக்கு ஒரு தேர்வில் 62 மார்க் எடுக்கிறார். அதே தரத்தில் வேறொரு வினாத்தாளை நாளைக்குக் கொடுத்தால் அதே 62 வருமா? 55 வருமா, 70 வருமா? கொஞ்சம் ஏறும், இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு ஏறும், இறங்கும் என்று எண்ணாகச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று வழி காட்டியவர் சார்லஸ் எட்வர்ட் ஸ்பியர்மேன். ஒரு தேர்வின் 'நம்பகத்தன்மை' எவ்வளவு என்று தேர்வுகளைத் தயாரிப்பவர்கள் இன்று போடும் கணக்கு அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

இத்தனைக்கும் அவர் கணித மேதையாக வளர்ந்தவர் இல்லை. கிட்டத்தட்ட 34 வயது வரை பிரிட்டிஷ் ராணுவத்தில் அதிகாரி.

பர்மாவிலிருந்து லைப்சிக்

1863 செப்டம்பர் 10 அன்று லண்டனில் பிறந்தார் ஸ்பியர்மேன். 1883இல் ராணுவத்தில் சேர்ந்தார். ராயல் மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவு. பர்மா போரில் பணியாற்றிப் பதக்கமும் வாங்கினார். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல உத்தியோகம். அவருக்கோ மனசெல்லாம் தத்துவத்திலும் உளவியலிலும் இருந்தது. ராணுவத்தில் கழித்த அந்த ஆண்டுகளை வீணாய்ப் போனவை என்றே பிற்காலத்தில் தன் வாழ்க்கைக் குறிப்பில் வருத்தத்தோடு எழுதினார்.

1897இல் வேலையை விட்டார். இந்த வயதில் கரியர் மாற்றுவதா என்று இன்று யோசிப்பவர்கள் கவனிக்கலாம்: அவர் போய்ச் சேர்ந்தது ஜெர்மனியின் லைப்சிக் நகரில், வில்ஹெல்ம் வுண்ட்டின் ஆய்வுக்கூடத்தில், மாணவராக. உளவியலைச் சோதனைக்கூடத்துக்குள் கொண்டுவந்த இடம் அது. ஒலி, ஒளி, தொடு உணர்வு, எதிர்வினைக்கு ஆகும் நேரம் இவற்றையெல்லாம் அங்கே கருவி வைத்து அளந்துகொண்டிருந்தார்கள்.

படிப்பு நடுவிலேயே நின்றது. தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டதால் ராணுவம் அவரைத் திரும்ப அழைத்தது. போர்முனைக்கு இல்லை, கெர்ன்சி தீவில் நிர்வாக வேலை. அந்தக் காலத்தில்தான் திருமணமும் ஆனது. 1902இல் விடுவிக்கப்பட்டு இங்கிலாந்து திரும்பியவர், ஜெர்மனிக்குப் போவதற்கு முன் கிடைத்த இடைவெளியில் ஒரு காரியம் செய்தார். பிரான்சிஸ் கால்டனின் புத்தகத்தைப் படித்த வேகத்தில், பெர்க்ஷயர் பகுதியில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தார்.

24 குழந்தைகள், ஒரு புதிர்

புலன்கள் கூர்மையாக இருப்பவர்களுக்கு அறிவும் கூர்மையாக இருக்கும் என்பது கால்டனின் ஊகம். ஸ்பியர்மேன் அதைச் சோதிக்க நினைத்தார். அந்தப் பள்ளியின் மூத்த மாணவர்கள் 24 பேரை எடுத்துக்கொண்டார். இரண்டு ஒலிகளில் எது உயர்ந்த சுருதி, இரண்டு நிழல்களில் எது அடர்த்தி, இரண்டு எடைகளில் எது கனம் என்று சொல்லவைத்து அளந்தார். இன்னொரு பக்கம், யார் புத்திசாலி என்று ஆசிரியை வரிசைப்படுத்தினார். வகுப்புக்கு வெளியே யாருக்குச் சாமர்த்தியம் அதிகம் என்று பெரிய பிள்ளைகளிடமும் கேட்டு இன்னொரு வரிசை எடுத்தார். பிறகு இரண்டு பக்கத்துக்கும் ஒட்டுறவு போட்டார். தொடர்பு இருந்தது.

இங்கேதான் சிக்கல். 1901இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிளார்க் விஸ்லர் என்பவர் கிட்டத்தட்ட இதே மாதிரி ஆய்வைக் கல்லூரி மாணவர்களிடம் செய்திருந்தார். புலன் சோதனைக்கும் படிப்புக்கும் சொல்லிக்கொள்ளும்படி தொடர்பே இல்லை என்பது அவர் முடிவு. ஒருவர் இருக்கிறது என்கிறார், இன்னொருவர் இல்லை என்கிறார். எது சரி?

ஸ்பியர்மேன் பிடித்த நுனி இதுதான்: அளவுகோலே ஆடினால், அது காட்டும் தொடர்பு இளைத்துப் போகும்.

பேருந்து நிலையத்தில் காசு போட்டு ஏறும் பழைய எடை மெஷினை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை ஏறினால் 62 கிலோ, இறங்கி மறுபடி ஏறினால் 67. அந்த மெஷினை வைத்து நூறு பேரின் எடையை எடுத்து, அவர்கள் உயரத்தோடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? உயரத்துக்கும் எடைக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டு. ஆனால் மெஷினின் ஆட்டத்தில் அது பாதி மறைந்துவிடும். தாறுமாறாக வரும் பிழை, இல்லாத தொடர்பை இருப்பதாகக் காட்டுவதைவிட, இருக்கும் தொடர்பைத்தான் அதிகம் மறைக்கிறது. விஸ்லருக்கு நடந்தது இதுதான் என்றார் ஸ்பியர்மேன்.

சொன்னதோடு விடவில்லை, அந்த இழப்பைச் சரிக்கட்ட ஒரு சூத்திரமும் கொடுத்தார். ஒரே விஷயத்தை இரண்டு முறை அளக்க வேண்டும். அந்த இரண்டு அளவுகளும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்க்க வேண்டும். மெஷின் எவ்வளவு ஆடுகிறது என்பதற்கு அந்த எண்ணே சாட்சி. இரண்டு பக்கத்துக்கும் அந்த எண்ணை எடுத்துப் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, கிடைத்த தொடர்பை அதால் வகுத்தால் உண்மைத் தொடர்பு கிடைக்கும்.

1904இல் அமெரிக்க உளவியல் இதழ் ஒன்றில் இது இரண்டு கட்டுரைகளாக வந்தது. ஒன்று இரண்டு விஷயங்களுக்கு இடையிலான தொடர்பை அளப்பது பற்றி, இன்னொன்று பொது அறிவுத்திறன் பற்றி. அப்போது அவர் இன்னும் முனைவர் பட்டம்கூட வாங்கவில்லை.

பியர்சனோடு மல்லுக்கட்டு

அந்தக் கட்டுரையில் வரும் கணக்கையே பார்க்கலாம். புலன் கூர்மைக்கும் அறிவுக்கும் கிடைத்த சராசரித் தொடர்பு 0.38. அறிவு பற்றிய மதிப்பீடுகள் தங்களுக்குள் ஒத்துப்போன அளவு 0.55. புலன் சோதனைகள் தங்களுக்குள் 0.25. 0.55-ஐ 0.25-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 0.37. 0.38-ஐ அதால் வகுத்தால் 1-ஐத் தாண்டுகிறது.

ஒட்டுறவு 1-ஐத் தாண்டவே முடியாது. பள்ளிப் பாடத்திலேயே இருக்கும் விஷயம். அந்தக் காலப் புள்ளியியலின் பெரிய தலை கார்ல் பியர்சன் விடுவாரா? அதே ஆண்டிலேயே தாக்கினார். இப்படி ஒரு விடை வந்தாலே சூத்திரம் தப்பு என்று ஆகிறது, முதலில் கணித நிரூபணம் எங்கே என்பது அவர் வாதம். ஸ்பியர்மேன் 1907இல் நிரூபணத்தோடு வந்தார். சிறிய மாதிரியில் எண்கள் இப்படி அங்கே இங்கே போகத்தான் செய்யும் என்பது அவர் தரப்பு.

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. சூத்திரம் சரி, இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் 24 குழந்தைகளை வைத்துக்கொண்டு, நடுங்கும் ஒரு எண்ணால் இன்னொரு நடுங்கும் எண்ணை வகுத்து, புலன் கூர்மையும் அறிவும் அடிப்படையில் ஒன்றே என்று அறிவித்தது ரொம்பத் துணிச்சல். அந்த முடிவு பின்னால் நிற்கவில்லை. நின்றது சூத்திரம் மட்டும்தான்.

1906இல் லைப்சிக்கில் முனைவர் பட்டம் வாங்கினார். 1907இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வேலை கிடைத்தது. பியர்சனும் அதே கல்லூரிதான்! வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தும் இவர்கள் இருவருக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

வினாத்தாளைப் பாதியாக வெட்டினால்?

ஸ்பியர்மேனுக்கு முன்பே இந்தக் கவலை ஒருவருக்கு இருந்தது. பொருளாதார அறிஞர் எட்ஜ்வொர்த், 1888இல் ஒரு லத்தீன் உரைநடை விடைத்தாளுக்கு, இந்தியன் சிவில் சர்வீஸ் தேர்வில் போடுவதுபோல மார்க் போடச் சொல்லி 28 பேரின் மதிப்பீட்டை வாங்கிப் பார்த்தார். ஒரே விடைத்தாள். வந்த மார்க் 45இலிருந்து 100 வரை! கலெக்டர் ஆவதும் ஆகாததும் யார் கையில் பேப்பர் போகிறது என்பதைப் பொறுத்தது என்றால் சும்மா இருக்க முடியுமா? போட்டித் தேர்வில் அதிர்ஷ்டத்தின் பங்கு என்ன என்று அவர் 1890இல் தொடர்ந்து எழுதினார்.

எட்ஜ்வொர்த் திருத்துபவரின் பிழையை முன்னால் வைத்தார். ஸ்பியர்மேன் கேட்டது தேர்வையே பற்றி. ஒரு தேர்வை இரண்டு முறை நடத்துவது நடைமுறையில் கஷ்டம். மாணவருக்குக் கேள்விகள் நினைவில் இருக்கும், நடுவில் படித்துவிடுவார், சலித்தும் போவார். ஒரே தடவை நடத்திவிட்டு நம்பகத்தன்மையைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

1910இல் பிரிட்டிஷ் உளவியல் இதழின் ஒரே இதழில், அடுத்தடுத்த பக்கங்களில், இரண்டு பேர் தனித்தனியாக ஒரே விடையைக் கொடுத்தார்கள். ஒருவர் ஸ்பியர்மேன். இன்னொருவர் வில்லியம் பிரவுன், ஸ்பியர்மேனின் கருத்துகளை விமர்சித்துக்கொண்டிருந்தவர். சண்டைக்காரர்கள் பெயரைச் சேர்த்து 'ஸ்பியர்மேன்-பிரவுன் சூத்திரம்' என்று வரலாறு கோத்துவிட்டது. 'நம்பகத்தன்மைக் கெழு' என்ற சொல்லும் ஸ்பியர்மேனின் அந்தக் கட்டுரையில் வருகிறது.

வழி எளிது. 40 கேள்வி உள்ள தேர்வில் ஒற்றைப்படைக் கேள்விகள் 20, இரட்டைப்படைக் கேள்விகள் 20 என்று பிரித்து, ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு மார்க் போடுங்கள். இரண்டுக்கும் ஒட்டுறவு பாருங்கள். 0.6 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அது 20 கேள்வித் தேர்வின் நம்பகத்தன்மை. 40 கேள்விக்கு? 0.6-ஐ இரட்டிப்பாக்கி, 1 கூட்டல் 0.6-ஆல் வகுக்க வேண்டும். 1.2-ஐ 1.6-ஆல் வகுத்தால் 0.75. இன்னும் இரட்டிப்பாக்கி 80 கேள்வி ஆக்கினால்? 0.86 வரை போகும். கேள்வி கூடக் கூட நம்பகம் கூடுகிறது, ஆனால் கூடும் வேகம் குறைகிறது. பத்தே கேள்வியில் ஒருவரை எடைபோடும் ஆன்லைன் டெஸ்டுகளை ஏன் முழுசாக நம்பக் கூடாது என்பதற்கான கணக்கு இதுதான்.

முதல் பாதி, இரண்டாம் பாதி என்று ஏன் வெட்டவில்லை? கடைசிக் கேள்விகளுக்கு வரும்போது களைப்பு, நேரமின்மை எல்லாம் சேர்ந்துவிடும். ஒற்றை, இரட்டை என்று பிரித்தால் இரண்டு பாதிக்கும் அது சமமாகப் போகும். ஆனால் வேகத்தைச் சோதிக்கும் தேர்வில் இந்த வித்தை பலிக்காது. ஒருவர் 30ஆம் கேள்வியோடு நின்றுவிட்டால், ஒற்றையில் 15, இரட்டையில் 15 என்று இரண்டும் அச்சு அசலாக ஒத்துப்போகும். தேர்வு நன்றாக இருப்பதால் அல்ல, மணி அடித்துவிட்டதால்.

அறிவுக்கு ஒரே ஒரு எண்ணா?

ஸ்பியர்மேனைப் பொறுத்தவரை இந்தச் சூத்திரங்கள் வெறும் ஏணிதான். அவர் ஏற நினைத்த இடம் வேறு. பள்ளிப் பாடங்களில் ஒன்றில் கெட்டிக்காரராக இருப்பவர் மற்றவற்றிலும் ஓரளவு கெட்டியாக இருப்பதை அவர் எண்களில் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு பொதுத் திறன் ஓடுகிறது என்று சொல்லி, அதற்கு 'ஜி' என்று பெயர் வைத்தார். ஒவ்வொரு வேலைக்கும் உரிய தனித்திறன் அதன் மேல் சேர்கிறது என்பது அவர் கொள்கை. இதிலிருந்துதான் 'ஃபேக்டர் அனாலிசிஸ்' என்ற முறையே பிறந்தது.

எதிர்ப்பு உடனே வந்தது. அப்படி ஒரு பொதுத் திறன் இல்லாமலே, ஏராளமான சின்னச் சின்னத் திறன்கள் கலந்து வேலை செய்தாலும் இதே எண்கள் வரும் என்று காட்பிரே தாம்சன் 1916இல் காட்டினார். 1930களில் அமெரிக்காவில் தர்ஸ்டன், ஒன்றல்ல, பல திறன்கள் என்றார். ஸ்பியர்மேன் அசையவில்லை. ராணுவத்தில் பழகிய பிடிவாதமோ என்னவோ.

இதைவிடக் கவலைக்குரிய பக்கம் ஒன்று உண்டு. 1912இல் பெர்னார்ட் ஹார்ட்டுடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், ஓட்டுரிமைக்கும், பிள்ளை பெற்றுக்கொள்ளும் உரிமைக்கும்கூட, குறைந்தபட்ச 'ஜி' அளவு ஒன்றை வைக்கும் காலம் வரலாம் என்ற யோசனையை முன்வைத்தார். இனமேம்பாட்டுவாதம் லண்டன் கல்விக்கூடங்களில் மரியாதையோடு உலவிய காலம் அது. காலத்தின் மேல் பழி போட்டுவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஒரு அளவில் எவ்வளவு பிழை இருக்கும் என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்தவரே, அந்த அளவைக் கொண்டு ஒரு மனிதரின் உரிமையை வெட்டலாம் என்று யோசித்தார் என்பதை அவ்வளவு சுலபமாகக் கடந்துவிட முடியாது.

முதல் உலகப்போரில் மறுபடி ராணுவப் பணி. 1924இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1927இல் மனிதத் திறன்கள் பற்றிய அவரது பெரிய நூல். 1931இல் ஓய்வு. அவரது இடத்துக்கு வந்தவர் சிரில் பர்ட்.

ஒரு மார்க்கில் மாறிய பாதைகள்

1944 கல்விச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் 'லெவன் பிளஸ்' தேர்வு நாடு முழுக்கப் பரவியது. பதினோரு வயதை ஒட்டி ஒரு தேர்வு. தேறினால் கிராமர் ஸ்கூல், அங்கிருந்து பல்கலைக்கழகம். தேறாவிட்டால் பெரும்பாலும் செகண்டரி மாடர்ன், அங்கிருந்து வேலை. பிள்ளைகளை அறிவுத் தேர்வால் பிரிக்கலாம் என்ற நம்பிக்கைக்கு ஸ்பியர்மேன், பர்ட் வழிவந்த உளவியல் தெம்பு கொடுத்தது.

நம்பகத்தன்மைக் கணக்கு எதற்கு என்பது இங்கே புரியும். சராசரி 100, திட்டவிலக்கம் 15 உள்ள ஒரு தேர்வு. நம்பகத்தன்மை 0.95 என்றே வைத்துக்கொள்வோம், அது மிக உயர்ந்த அளவு. 1இலிருந்து 0.95-ஐக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, 15-ஆல் பெருக்கினால் சுமார் 3.4. அதாவது ஒரு பிள்ளையின் உண்மையான நிலை 113 என்றால், தேர்வு நாளில் 110-க்கும் 116-க்கும் நடுவே எங்காவது விழுவதற்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. மீதி மூன்றில் ஒரு பங்கு அதற்கும் வெளியே. கட்-ஆஃப் 113 என்று வைத்தால், அந்தப் பிள்ளை தேறுவது காசைச் சுண்டிப் போடுவது மாதிரிதான். 112 எடுத்த பிள்ளைக்கும் 114 எடுத்த பிள்ளைக்கும் இடையே வித்தியாசம் உண்டு என்று அந்தத் தேர்வால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு பள்ளிக்கூடம் போனார்கள்.

இதைப் பார்க்க ஸ்பியர்மேன் இல்லை. இரண்டாம் உலகப்போரில், 1941இல் கிரீட் தீவில் ஒரே மகனைப் பறிகொடுத்தார். உடல்நலம் குன்றி மருத்துவமனையில் இருந்தவர், 1945 செப்டம்பர் 17 அன்று 82 வயதில் லண்டனில் இறந்தார். அவர் போன பிறகு, ஃபேக்டர் அனாலிசிஸில் முதல் இடம் தனக்குத்தான் என்பதுபோல பர்ட் எழுத ஆரம்பித்தார். பர்ட்டின் சொந்த ஆய்வுத் தரவுகள் இட்டுக்கட்டியவை என்ற குற்றச்சாட்டு 1970களில் வெடித்தது தனிக்கதை.

ஆல்ஃபா வந்த கதை

பாதியாக வெட்டும் முறையில் ஒரு ஓட்டை இருந்தது. எந்தப் பாதி? பத்தே கேள்வி உள்ள தேர்வைக்கூட 126 விதமாகச் சரிபாதியாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை வரும். தனக்குச் சாதகமானதை எடுத்துக் காட்டலாம் இல்லையா?

1937இல் அமெரிக்கர்கள் குடர், ரிச்சர்ட்சன் இருவரும் வெட்டவே வேண்டாம் என்றார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை பேர் சரியாகப் பதில் சொன்னார்கள் என்பதையும், மொத்த மார்க்கின் சிதறலையும் வைத்தே நம்பகத்தன்மையைக் கணக்கிட்டார்கள். அந்தக் கட்டுரையில் அது 20ஆவது சமன்பாடு. அதனால் இன்றுவரை அதன் பெயர் 'கேஆர்-20'. சரி, தவறு என்று மட்டுமல்லாமல் பகுதி மார்க் உள்ள தேர்வுகளுக்கும் பொருந்துமாறு 1951இல் லீ கிரான்பாக் விரிவாக்கியதுதான், ஆராய்ச்சி மாணவர்கள் தினமும் உச்சரிக்கும் 'கிரான்பாக் ஆல்ஃபா'. சாத்தியமான எல்லாப் பாதிப் பிரிவுகளின் சராசரி அது என்று அவர் காட்டினார்.

0.7-ஐத் தாண்டிவிட்டது, தப்பித்தோம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே கேள்வியை வார்த்தை மாற்றி இருபது தடவை கேட்டாலும் ஆல்ஃபா எகிறும். அளவு ஆடாமல் இருக்கிறது என்பது வேறு, அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறது என்பது வேறு. கிரான்பாக்கே தன் கடைசிக் காலத்தில், ஆல்ஃபாவைவிட மார்க்கில் எத்தனை புள்ளி பிழை இருக்கலாம் என்று நேரடியாகச் சொல்வதே பயனுள்ளது என்ற முடிவுக்கு வந்தார். அந்தக் கட்டுரை அவர் இறந்த பிறகு 2004இல் வெளியானது.

ஸ்பியர்மேனின் அந்தக் கிராமப் பள்ளிக் கணக்கு? 1985இல் உளவியல் வரலாற்றாசிரியர் ரேமண்ட் ஃபேன்ச்சர் அதை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தார். 1904இல் அச்சான சில எண்கள், மூலத் தரவோடு ஒத்துப்போகவில்லை. கணக்கில் தவறு இருந்தது. 81 வருடம் கழித்து அதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அந்த 24 குழந்தைகளின் அளவுகளை ஸ்பியர்மேன் தன் கட்டுரையோடு சேர்த்தே அச்சிட்டிருந்தார்.